நீலகிரிக்கு ஏன் நோயியல் மருத்துவர் வருவதில்லை? மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தாருக்கும்,

வணக்கம். நான் எம்.டி. பேத்தாலஜி (நோயியல்) முடித்து, நோயாளியின் உடலில் இருந்து எடுத்த சதையையும் ரத்தத்தையும் கண்ணாடி ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் வேலையை நீலகிரியில் பார்ப்பவள். ஆய்வுக் கூட்டம் எதற்குப் போனாலும் எங்களிடம் முதலில் கேட்பது, "மாதம் எத்தனை ஸ்லைடு பார்க்கிறீர்கள்?" என்பதுதான். எண்ணைச் சொன்னதும் அடுத்த வரி தயாராக இருக்கும்: "இவ்வளவு குறைவான வேலைக்கு இன்னொரு ஆள் எதற்கு?" அந்தக் கணக்கில் என்ன தப்பு என்று சொல்லத்தான் இந்த மடல். கோவைக்கும் மதுரைக்கும் பொருந்தும் எண்ணிக்கையை வைத்து மலைக்கு ஆள் போட்டால், மலைக்கு எப்போதும் ஆள் கிடைக்காது.

எங்கள் பதிவேட்டில் பித்தப்பையும் ஒரு எண், புற்றுநோய்க்காக அகற்றிய மார்பகமும் ஒரு எண். பித்தப்பை என்றால் இரண்டு மூன்று துண்டு வெட்டிப் பார்த்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். மார்பகம் வந்தால் கட்டியை அளக்க வேண்டும், வெட்டிய ஓரங்களுக்கு மை தடவ வேண்டும், அக்குள் கொழுப்பை விரலால் நசுக்கிப் பார்த்து நிணநீர் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டும். சில முடிச்சுகள் கடுகளவுதான் இருக்கும். ஒன்று தப்பிப்போனாலும் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற முடிவே மாறிவிடலாம், சிகிச்சையும் அதோடு மாறும். அமெரிக்காவின் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மருத்துவரின் உழைப்பை எடைபோட ஆர்.வி.யு. என்று ஓர் அலகு உண்டு. அதில் பித்தப்பைக்கு 0.22, நிணநீர் முடிச்சுகளோடு வரும் மார்பகத்துக்கு 2.80 என்று நெடுங்காலம் கணக்கிட்டார்கள். பன்னிரண்டு மடங்குக்கும் மேல். அந்த முறையும் முழுமையானது இல்லைதான். மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதும், அறுவை மருத்துவரைக் கூப்பிட்டு "இந்த ஓரம் எந்தப் பக்கம் சார்?" என்று விசாரிப்பதும் அதில் ஏறாது. ஆனாலும் ஒரு ஸ்லைடும் இன்னொரு ஸ்லைடும் சமமில்லை என்பதையாவது அது ஒப்புக்கொள்கிறது.

மலையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. இருளர், பணியர், குறும்பர் போன்ற பழங்குடிகளிடையே அரிவாள் செல் பண்பு, அதாவது ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவமாக்கும் பரம்பரைக் கோளாறின் மரபணு, இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952லேயே நீலகிரியில் கண்டு எழுதினார்கள். இந்தியாவில் அந்த நோயின் வரலாறே இந்த மலையில்தான் ஆரம்பிக்கிறது. 2023 ஜூலையில் ஒன்றிய அரசு தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கி, 2047ஐ இலக்காக வைத்திருக்கிறது. நல்ல விஷயம். முகாமில் செய்யும் கரைதிறன் சோதனையை ஒரு டெக்னீஷியன் செய்துவிடுவார். அது பாசிட்டிவ் என்றால் கோளாறுள்ள மரபணு ஒன்று மட்டும் இருக்கிறதா, இரண்டுமா, கூடவே தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்தக் கோளாறு இருக்கிறதா என்று எச்.பி.எல்.சி. (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் சோதனை) வரைபடத்தையும் ஸ்லைடில் தடவிய ரத்த ஸ்மியரையும் வைத்துச் சொல்ல ஆள் வேண்டும். கல்யாணம் ஆகப்போகும் ஒரு பெண்ணிடம் அந்த முடிவைச் சொல்லிப் புரியவைக்க வேண்டுமானால், அதற்கு முன் லேபில் ஒருவர் அதைச் சரியாகப் படித்திருக்க வேண்டும். ஸ்லைடு கணக்கில் இதற்கெல்லாம் இடமில்லை.

ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? பரிசோதனைக்கு எடுத்த சதை மலையிலிருந்து கீழே இறங்குகிறது. பந்தலூர் பக்கத்தில் ஓர் எஸ்டேட் தொழிலாளியின் வாயில் ஆறாத புண்ணில் இருந்து எடுத்த துண்டு, கூடலூர் வந்து, ஊட்டி வந்து, கோவைக்குப் போகிறது. ஒருமுறை எனக்கு வந்த பாட்டிலில் சதையைக் கெடாமல் காக்கும் பார்மலினுக்குப் பதில் சலைன் (உப்புநீர்) ஊற்றியிருந்தார்கள். துண்டு கூழாகிவிட்டிருந்தது. மைக்ராஸ்கோப்பில் செல்லின் நிழல்தான் தெரிந்தது. நோயாளியான அம்மாவை மறுபடி கூப்பிட்டு மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று. பார்மலின் சரியாக இருந்தாலும் அளவு போதாவிட்டால், அதாவது சதையைப்போல் பத்து மடங்கு இல்லாவிட்டால், உள்பக்கம் கெட்டுப்போகும். மார்பகச் சதை என்றால் பார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது, 72 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. எந்த மருந்து வேலை செய்யும் என்று முடிவு செய்ய உதவும் ஹார்மோன் ஏற்பிச் சோதனையின் நம்பகத்தன்மை அதைப் பொறுத்தது. மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் அந்த 72 மணி நேரத்துக்கு யார் பொறுப்பு?

ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்க வரும் ஒவ்வொரு முறையும் இப்படிக் காத்திருக்கும் எஸ்டேட் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி போகிறது. "டெஸ்ட் வந்துருச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு, வரவில்லை என்றதும் முணுமுணுக்காமல் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிப்போகிறவர்கள் இவர்கள். நான்காவது முறை வராமல் போனால் நாம் அதை "சிகிச்சையைத் தொடரவில்லை" என்று எழுதிக்கொள்கிறோம்.

சரி, ஆள் ஏன் வருவதில்லை? சம்பளத்தை மட்டும் குறை சொன்னால் பாதி உண்மைதான் சொன்னதாகும். உதவி மருத்துவராகச் சேர்பவருக்கு அடிப்படை ஊதியம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவருக்கும், மேலும் மூன்று வருடம் எம்.டி. படித்தவருக்கும் தொடக்கம் அதே ஊதிய நிலை 22தான். மருத்துவர்களின் ஊதியம், பதவி உயர்வு பற்றிய அரசாணை 354ஐ வைத்து மருத்துவச் சங்கங்கள் பல வருடமாகப் போராடுவது உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் எங்கள் துறைக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர் பணி நேரத்துக்கு வெளியே தனியாகத் தொழில் செய்யலாம். மகப்பேறு மருத்துவரோ எலும்பு மருத்துவரோ ஊட்டியில் சாயங்காலம் கிளினிக் போட்டால் கூட்டம் வரும். நோயியல் மருத்துவரைத் தேடி எந்த நோயாளியும் வருவதில்லை. எங்களுக்கு வெளி வருமானம் என்றால் பெரிய லேபுகளும் கார்ப்பரேட் மருத்துவமனைகளும்தான். அவை இருப்பது கோவையில். ஆகவே அதே அரசுச் சம்பளத்துக்கு மலையில் இருப்பவர் உண்மையில் குறைவாகச் சம்பாதிக்கிறார். மலைப்படியும் குளிர்காலப் படியும் அந்த இடைவெளியை அடைக்கிற அளவுக்கு இல்லை.

லேப் ரிப்போர்ட்டில் முதுகலை படித்த நோயியல் மருத்துவர்தான் கையெழுத்திட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் உறுதி செய்தது. எங்கள் மதிப்பு உயரும் என்று நம்பினோம். நடந்தது வேறு. சமவெளியில் சில லேபுகளுக்குக் கையெழுத்து மட்டும் போதுமாயிருக்கிறது, ஆள் வேண்டாம். ஒரே பெயர் பல லேபுகளின் ரிப்போர்ட்டில் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் கண் வலிக்கப் படித்துவிட்டு வரும் இளைஞர்களுக்கு முதல் வேலையாக இது கிடைத்தால், இந்தத் துறைக்கு நல்ல மாணவர்கள் எப்படி வருவார்கள்? 2023ல் நீட் முதுகலை கட் ஆஃபைப் பூஜ்ய பர்சென்டைலாக்கியும் இடங்களை நிரப்பப் பாடுபட்டதை நினைத்துப் பாருங்கள். அப்போது காலியாகக் கிடந்தவற்றில் எங்களைப் போன்ற, நோயாளியை நேரில் பார்க்காத துறைகளின் இடங்களே நிறைய.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையில் வேலை பார்க்கும் எம்.பி.பி.எஸ். மருத்துவருக்கு முதுகலைச் சேர்க்கையில் ஊக்க மதிப்பெண் தருகிறீர்கள். அதற்காகவே பல இளையவர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மலையேறி வருகிறார்கள், நன்றாகவும் வேலை செய்கிறார்கள். எம்.டி. முடித்த பிறகு அவர்களை மறுபடி இங்கே இழுக்க உங்களிடம் எதுவும் இல்லை. அந்த ஊக்கம் முடிகிற இடத்தில்தான் எங்கள் துறையின் வெற்றிடம் தொடங்குகிறது.

தனியாக ஒருவரைப் போடுவதும் பலன் தராது. சந்தேகமான ஸ்லைடைப் பக்கத்து மேஜையில் நீட்டி "இதை ஒரு பார்வை பாருங்க" என்று கேட்க ஆள் இல்லாமல் புற்றுநோய் என்று எழுதுவது சாதாரண பாரம் இல்லை. லீவு போட்டால் ரிப்போர்ட் நின்றுபோகும். இங்கிலாந்தின் நோயியல் மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2018ல் எடுத்த கணக்கில், சதைப் பரிசோதனைத் துறைகளில் போதுமான மருத்துவர்கள் இருப்பதாகச் சொன்னவை 3 சதவீதம்தான். அவ்வளவு வசதியான நாட்டிலேயே அப்படி என்றால், ஒற்றை ஆளாக மலையில் உட்கார்ந்திருப்பவர் எத்தனை நாள் தாங்குவார்?

ஸ்லைடை ஸ்கேன் செய்து கோவைக்கு அனுப்பினால் போதாதா என்று கேட்பீர்கள். ஸ்கேனர் கட்டாயம் வேண்டும், இரண்டாவது கருத்துக்கு அதைவிடச் சிறந்த வழியில்லை. ஆனால் சதையைக் கையால் தொட்டு, எங்கே வெட்டுவது என்று தீர்மானிப்பது ஸ்கேனர் இல்லை. ஊட்டியின் டிசம்பர் குளிரில் மைக்ரோடோமில் (சதையை மெல்லிய சீவல்களாக வெட்டும் கருவியில்) மெழுகு நாடா நொறுங்கும்போது, சதை புதைத்த மெழுகு பிளாக்கை எப்படிப் பதமாக்குவது என்று டெக்னீஷியனோடு நின்று பார்ப்பதும் இங்கே இருப்பவர்தான்.

இந்த மலைக்கு லேப் புதிதில்லை. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907ல் வந்தது. 1918ல் அங்கே ஓர் அறையில் மெக்கரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய, பெரிபெரி என்ற ஊட்டச்சத்துக் குறைபாட்டு நோய் பற்றிய ஆய்வுதான் வளர்ந்து, பின்னால் ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. இன்று ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 700 படுக்கை கொண்ட புது மருத்துவமனை இருக்கிறது. கட்டடம் கொடுத்த அரசுக்கு நன்றியோடுதான் கேட்கிறேன்.

ஆய்வுக் கூட்டப் படிவத்தில் ஸ்லைடு எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி சேருங்கள்: சதை எடுத்த நாளிலிருந்து நோயாளி கையில் ரிப்போர்ட் கிடைத்த நாள் வரை எத்தனை நாள். மாவட்டவாரியாக அதை வெளியிடுங்கள். கூடலூர் அரசு மருத்துவமனைக்கு இரண்டு நோயியல் மருத்துவர் பணியிடங்களை ஒன்றாக அனுமதியுங்கள், ஒன்று மட்டும் என்றால் வேண்டாம். தனித்தொழில் செய்ய வழியில்லாத துறைகளில் மலையில் வேலை பார்ப்பவர்களுக்கு அடிப்படை ஊதியத்தின் சதவீதமாக ஒரு படி கொடுங்கள். மூன்று வருடம் இங்கே முடித்தவருக்கு அடுத்த இடமாறுதல் கலந்தாய்வில் முதல் உரிமை என்று அரசாணையிலேயே எழுதிவிடுங்கள். அடுத்த கலந்தாய்வு அறிவிப்பு வருவதற்குள் இதில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று எங்களுக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
நீலகிரியில் பணிபுரியும் ஒரு நோயியல் மருத்துவர்