பேர வாங்குனீங்க, வேலைய வாங்கல: உங்க ரோடு சைக்கிள் பத்தி என் புகார்

அனுப்புநர்: உங்க கஸ்டமர், நாச்சியார்கோயில், கும்பகோணம் வழி
பெறுநர்: கஸ்டமர் கேர் மேலாளர் அவர்களுக்கு
பொருள்: 68,500 ரூபாய்க்கு வாங்குன ஸ்டீல் ரோடு சைக்கிள், பிபி (பாட்டம் பிராக்கெட், பெடல் அச்சு சுத்துற இடம்) மரை கோணல், விளம்பரத்துல சொன்னதும் வந்த சாமானும் வேற வேற

வணக்கம் சார் / மேடம்,

இதோட அஞ்சாவது தடவ எழுதுறேன். முதல் நாலும் உங்க ஆப்ல போட்டேன், நாலுக்கும் வருத்தம் தெரிவிச்சு பதில் வந்துச்சு, மறுநாளே டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிட்டீங்க. அதான் இந்த தடவ ஒண்ணு விடாம எழுதி ரிஜிஸ்டர் தபால்லயும் அனுப்புறேன், நீளமாதான் இருக்கும், யாராவது ஒருத்தர் உக்காந்து கடைசி வரைக்கும் படிங்க.

நான் ஏன் உங்க சைக்கிள வாங்குனேன்னு மொதல்ல சொல்லிடுறேன். எங்க தாத்தாகிட்ட உங்க பேரு போட்ட சைக்கிள் இருந்துச்சு, இங்கிலாந்துல செஞ்சது, ஒரு ஹெட்மாஸ்டர்கிட்ட இருந்து பழசா வாங்குனாராம். அந்த சைக்கிள்ல எங்க பட்டறையில செஞ்ச குத்துவிளக்குத் தண்டு, தட்டு, பிரபை எல்லாம் சாக்குல சுத்தி கேரியர்ல கட்டி கும்பகோணம் கடைத்தெருவுக்குப் போய் போட்டுட்டு வருவாரு. அவருக்கு அப்புறம் எங்க அப்பா ஓட்டுனாரு, இன்னைக்கும் அது ஓடுது, காலையில பால் வாங்க அதுலதான் போறாங்க. சைக்கிளோட முன்பக்கத் தலையில இருக்கிற பித்தளை பேட்ஜ வருஷத்துக்கு ஒரு தடவ ஆயுத பூஜைக்கு புளி போட்டு தேய்ப்போம். அந்தப் பேர திரும்ப கொண்டு வர்றோம்னு உங்க விளம்பரத்த பாத்த அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, நெசமா சொல்றேன். மூணு மாசம் காசு சேத்து 2025 பொங்கலுக்கு ஆர்டர் போட்டேன்.

பெட்டி வந்துச்சு. பெட்டி மேல ஆரம்பிச்ச வருஷம் பெருசா போட்டிருக்கு, பழைய ரேஸ் படம் ஒண்ணு கருப்பு வெள்ளையில இருக்கு. உள்ள சைக்கிள எடுத்தா தலையில பேட்ஜுக்கு பதிலா ஸ்டிக்கர். விளம்பரப் படத்துல ட்யூப் சேர்ற இடத்துல எல்லாம் லக் இருந்துச்சு, அதாவது தனி இரும்பு மூட்டு வச்சு அதுக்குள்ள ட்யூப சொருகி பித்தளை உருக்கி விட்டு ஒட்டுறது, பித்தளை வேலை பாக்குற குடும்பத்துல பொறந்தவனுக்கு அந்த ஒட்டு எப்படி இருக்கும்னு தெரியாதா. வந்தது வெல்டிங் ஃப்ரேம், மூட்டு வடிவத்துல சுத்தி தங்கக் கலர் கோடு மட்டும் வரைஞ்சிருக்கீங்க. வெல்டிங் மட்டம்னு நான் சொல்லவே இல்ல, நல்ல வெல்டிங் ஃப்ரேம் எத்தனையோ இருக்கு, படத்துல ஒண்ணக் காட்டி பெட்டியில இன்னொண்ண வச்சதுதான் தப்பு.

அப்பவே திருப்பி அனுப்பியிருக்கணும், ஆசையில ஓட்ட ஆரம்பிச்சுட்டேன். வாரத்துல மூணு நாள் விடியக்காலை சுவாமிமலை வரைக்கும், ஞாயித்துக்கிழமைன்னா காவேரிக்கரையோட திருவையாறு, சில ஞாயிறு கல்லணை வரைக்கும் போவேன். எங்க பக்கம் தட்டையான பூமி, ஏத்தம் கிடையாது, ஆனா ஆடி மாசம் மேக்க பாத்து ஓட்டிப் பாருங்க, காத்துதான் எங்களுக்கு மலை, எழுந்து நின்னு மிதிச்சாதான் நகரும். அந்த ஆடியிலதான் மிதிக்க மிதிக்க அடியில டக்கு டக்குன்னு சத்தம் ஆரம்பிச்சுச்சு. பெடல்னு நெனச்சு பெடல மாத்துனேன், போகல. சீட்டு கம்பிக்கு கிரீஸ் போட்டேன், போகல. ஒரு ஞாயித்துக்கிழமை திருக்காட்டுப்பள்ளி தாண்டி வலது க்ராங்க், அதாவது பெடல் மாட்டுற கை, பக்கவாட்டுல ஆட ஆரம்பிச்சு செயின் உரச ஆரம்பிச்சுருச்சு, அங்க இருந்து தள்ளிக்கிட்டே வந்து ஒரு மினி லாரியில ஏத்திதான் வீட்டுக்கு கொண்டு வந்தேன். அப்ப சைக்கிளுக்கு ஏழு மாசம்தான் ஆகுது.

எங்க தெரு முனையில பாய் கடை இருக்கு, நாப்பது வருஷமா சைக்கிள் வேலை பாக்குறாரு, தாத்தா சைக்கிளுக்கு ஓவராயில் பண்றதும் அவருதான். அவருதான் பிபிய கழட்டுனாரு. வலது பக்கக் கப்பு, அதாவது பேரிங்க தாங்குற வளையம், ரிவர்ஸ் மரை, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அது கழலவே மாட்டேன்னுச்சு, ரெண்டு ஆள் பிடிச்சு கழட்டுனா மரைக்குள்ள பெயிண்ட் அப்படியே காஞ்சு கெடக்கு, கப்பு கோணலா ஏறி மரைய தின்னுருக்கு. பாய் ஒண்ணும் சொல்லல, விரல விட்டு தடவிப் பாத்துட்டு என் விரலப் பிடிச்சு உள்ள வச்சாரு, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் நான் அத எங்க பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு நீங்க பாத்திருப்பீங்க, புவிசார் குறியீடு வாங்குன சாமான். அது ஒத்தையா வார்க்கிறது இல்ல, பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேல அன்னம் வச்ச பிரபைன்னு தனித்தனியா வாத்து, கடைசல் பிடிச்சு, மரை போட்டு ஒண்ணு மேல ஒண்ணா திருகி நிறுத்துறது. மரை ஒரு மயிரிழை சாஞ்சா போதும், ஆளு உசர விளக்குல உச்சியில இருக்கிற அன்னம் விரக்கடை அளவுக்கு சாஞ்சு நிக்கும், அத எந்த கஸ்டமரும் வாங்க மாட்டாங்க, நாங்களும் அனுப்ப மாட்டோம், உருக்கிருவோம். அதனால மரைன்னா என்னன்னு எனக்கு நீங்க கிளாஸ் எடுக்க வேண்டாம். உங்க பிபி ஓட்டைய கடைசல் மெஷின்ல வச்சு பாத்தோம், ரெண்டு பக்க வாயும் ஒண்ணுக்கு ஒண்ணு நேரா இல்ல, அரை மில்லிக்கு மேல வித்தியாசம், ஒரு பக்க மரை ஆரம்பத்துலயே சாஞ்சு வெட்டியிருக்கு. இது ஓட்டி ஓட்டி வர்ற தேய்மானம் கிடையாது. ஃபேக்டரியில மரை வெட்டுற அன்னைக்கே நடந்தது, பெயிண்ட் அடிச்ச பிறகு மறுபடி மரைய சுத்தம் பண்ணி வாய்ப்பக்கத்த சமமா சீவி விடுற வேலையையும் விட்டுட்டீங்க. உங்க ஆள் எனக்கு அனுப்புன பதில்ல தண்ணி புகுந்ததால வாரண்டி இல்லன்னு எழுதியிருக்காரு. தண்ணி புகுந்தா துரு வரும், மரை எப்படி சாயும்?

கழட்டுனது கழட்டியாச்சுன்னு எடையும் போட்டேன், நெல்லு மூட்டை நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசுலதான், 12 கிலோ 100 கிராம். நீங்க போட்டிருக்கிறது 10.4. அடுத்து ட்யூபு. குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த இரும்பு) டபுள் பட்டட்னு ஃப்ரேம்லயே ஒட்டியிருக்கீங்க. பட்டட்னா ட்யூப்போட முனை தடிப்பாவும் நடு மெலிசாவும் இருக்கணும், மூட்டுல சூடு படுற இடத்துக்கு பலம், நடுவுல எடை மிச்சம், பர்மிங்காம்ல ஆணி செஞ்சுக்கிட்டிருந்த ரெனால்ட்ஸ் குடும்பம் 1897லயே அதுக்கு பேட்டண்ட் வாங்கி, அப்புறம் 1935ல 531ன்னு ஒரு ட்யூப் கொண்டு வந்தாங்க, பழைய ரேஸ் சைக்கிள் மேல இன்னைக்கும் ஜனங்களுக்கு மரியாதை இருக்குன்னா அந்த மாதிரி இரும்புக்காகத்தான். இப்ப உங்க சைக்கிள எடுங்க. சீட்டு ட்யூப் வெளி அளவு 28.6 மில்லி, உள்ள போற சீட்டு கம்பி 25.4. அப்ப ட்யூப் சுவரு 1.6 மில்லி. நல்ல மெலிசு ட்யூப்ல அதே 28.6க்கு 27.2 கம்பி போகும், சுவரு அதுல பாதிகூட வராது. மேல் முனை மட்டும்தான் தடிப்பு, கீழ மெலிசுன்னு நீங்க சொல்லலாம், சொன்னா ட்ராயிங்க அனுப்புங்க, நான் ஏத்துக்குறேன். எந்தெந்த ட்யூப் குரோமோலி, பின்னாடி போற நாலு கம்பி என்ன இரும்புன்னு நான் மூணு தடவ கேட்டுட்டேன், பதிலே இல்ல.

தைவான்ல செஞ்சதா சீனாவுல செஞ்சதான்னு நான் சண்டை போட வரல. ஜயண்ட் கம்பெனி 1972ல தைவான்ல ஆரம்பிச்சது, அமெரிக்காவோட ஷ்வின் கம்பெனிக்கே சைக்கிள் செஞ்சு கொடுத்துதான் பெருசா வளந்துச்சு, அவங்க வேலைய யாரு குறை சொல்ல முடியும். எங்க வயக்காட்டு வரப்புல ஓடுன ஹெர்குலிஸ்கூட பர்மிங்காம் பேருதான், செஞ்சது 1949ல ஆரம்பிச்ச டிஐ சைக்கிள்ஸ், அம்பத்தூர்ல, ரெண்டு மூட்டை நெல்ல ஏத்தி மிதிச்ச சைக்கிள் அது. முதலாளி மாறுனாலும் தப்பில்ல, இத்தாலியில கொல்னாகோ சைக்கிள் கம்பெனியோட பெரும்பங்கு 2020ல அபுதாபி முதலீட்டாளருக்குப் போச்சு, அதே வருஷம்தான் போகாச்சார்ங்கிற வீரர் அந்த சைக்கிள்ல டூர் டி பிரான்ஸ்ங்கிற பெரிய ரேஸ ஜெயிச்சாரு. ஆனா ஷ்வின்ன பாருங்க, 1895ல சிகாகோவுல ஆரம்பிச்சு, 1992ல திவாலாகி, 2001ல மறுபடி திவாலாகி பேரு கை மாறி கடைசியில சூப்பர் மார்க்கெட்ல அடுக்கி விக்கிற சைக்கிளுக்கு ஒட்டுற பேராயிருச்சு. இங்கிலாந்தோட ராலே சைக்கிள்ல 1980ல ஸூட்டமெல்க்ங்கிற வீரர் அதே டூர் ரேஸ ஜெயிச்சாரு, ராலேயோட நாட்டிங்ஹாம் ஃபேக்டரி 2002ல மூடிருச்சு. பேர் உசுரோட இருக்கும், அதுக்குள்ள வேலை உசுரோட இருக்கா இல்லையாங்கிறது தனி சங்கதி, இத நான் வாங்குறதுக்கு முன்னாடியே யோசிச்சிருக்கணும்.

எங்களுக்கு இது புதுசும் இல்ல. கும்பகோணம் டிகிரி காபின்னு ஹைவே பூரா போர்டு வச்சிருக்காங்க, பித்தளை டபரா வாசல்ல அடுக்கி வச்சிருக்கும், உள்ள பால் தண்ணியா இருக்கும், தூள் நேத்து போட்டதா இருக்கும். கும்பகோணத்துக்காரன் அத குடிச்சா வயிறு எரியும், காபிக்காக இல்ல, பேருக்காக. உங்க சைக்கிள தொடச்சு வைக்கிறப்ப எனக்கு அந்த எரிச்சல்தான் வருது.

எல்லாத்தையும் விட பெரிய குறை ஸ்பேர். பின் டெரெய்லர், அதாவது பின் சக்கரத்துல கியர் மாத்துற கருவி, மாட்டுற ஹேங்கர் லாரியில ஏத்துனப்ப வளைஞ்சிருச்சு, அது உடையுறதுக்குன்னே வைக்கிற சின்ன துண்டு, கையளவு கூட இல்ல. உங்க ஃப்ரேமுக்குன்னு தனி வடிவம், வேற எதுவும் சேராது, உங்ககிட்ட கேட்டா பதினோரு வாரமா ஸ்டாக் இல்லன்னு வருது. தாத்தா சைக்கிளுக்கு காட்டர் பின், அதாவது க்ராங்க அச்சுல பிடிச்சு நிறுத்துற ஆப்பு, போனா பாய் கடையில டப்பாவுல கைய விட்டு ஒண்ணு எடுத்து சுத்தியால தட்டி அனுப்பிருவாரு, பால்ஸு, கோனு, ஸ்போக்ஸு எல்லாம் வலங்கைமான்லயும் கெடைக்கும் மன்னார்குடியிலயும் கெடைக்கும். அந்தப் பேருக்கு எங்க ஊர்ல மதிப்பு வந்ததே அதனாலதான். ரேஸ் ஜெயிச்சத எங்க தாத்தா கேள்விப்பட்டிருக்கவே மாட்டாரு. அவருக்குத் தெரிஞ்சது, மழையில நனைஞ்சாலும் ஓடும், கெட்டா எந்தக் கடையிலயும் சரியாகும், அவ்வளவுதான். நீங்க விக்கிறது அந்த நம்பிக்கையத்தான், அப்ப அந்தப் பொறுப்பையும் சேத்துதான் எடுத்துக்கணும்.

நான் கேக்குறது இதுதான். ஃப்ரேம்ல தயாரிப்புக் குறைன்னு எழுத்துல ஒத்துக்கிட்டு வேற ஃப்ரேம் கொடுங்க, அனுப்புறதுக்கு முன்னாடி மரை வெட்டி வாய சீவி செக் பண்ணி அனுப்புங்க, இல்லேன்னா முழு 68,500ம் திருப்பிக் கொடுங்க. ஹேங்கர் ரெண்டு அனுப்புங்க. விளம்பரத்துல லக் ஃப்ரேம் படத்தையும் 10.4 கிலோவையும் எடுங்க, எந்த ட்யூப் என்ன இரும்புன்னு போடுங்க. இந்த லெட்டர் கையில கெடைச்ச நாள்ல இருந்து பதினஞ்சு நாள் பாப்பேன். அதுக்குள்ள பதில் வரலேன்னா நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிவு பண்ணிட்டு, தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துல மனு போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், 5 லட்சத்துக்குள்ள வாங்குன சாமானுக்கு ஃபீஸும் கிடையாது. பில், போட்டோ, தராசு வீடியோ, உங்க நாலு பதில் எல்லாம் பத்திரமா இருக்கு.

சைக்கிள் இப்ப எங்க பட்டறையில பிபி கழட்டுன நிலையிலதான் நிக்குது, கப்ப ஒரு பேப்பர்ல சுத்தி ஃப்ரேம்லயே கட்டி வச்சிருக்கேன். உங்க இன்ஜினியர் யாராவது நேர்ல வந்து பாக்குறேன்னா தாராளமா வரட்டும், காலையில ஒன்பது மணிக்கு கடைசல் மெஷின் ஓட ஆரம்பிச்சிரும், பாயையும் வரச் சொல்லிடுறேன், அவர் முன்னாடியே ஃப்ரேம மெஷின்ல ஏத்தி சுத்திக் காட்டுறேன்.

இப்படிக்கு,
உங்க பேரு போட்ட சைக்கிள மூணு தலைமுறையா வச்சிருக்கிற வீட்டுக்காரன்,
நாச்சியார்கோயில்