பழனிக்கு, ஏழு மாதம் கழித்து

எடிசன், நியூ ஜெர்சி
8 ஜூன் 2025

அன்புள்ள பழனி,

போன நவம்பர் ஆறாம் தேதி காலையில், ட்ரம்ப் ஜெயித்த சந்தோஷத்தில், நீ நம் பேட்ச் வாட்ஸப் குழுவில் ஒரு தட்டு லட்டுப் படம் போட்டாய். நான் குழுவை விட்டு வெளியே வந்தேன். அதோடு சரி. உனக்குப் பேத்தி பிறந்த விஷயத்தைக்கூட மீனா உன் வீட்டில் பேசித் தெரிந்துகொண்டுதான் எனக்குச் சொன்னாள். நாற்பது வருஷம் முன்னால் துவாக்குடி ஹாஸ்டலில் ஒரே வாளித் தண்ணீரில் இரண்டு பேரும் குளித்துவிட்டு வகுப்புக்கு ஓடியவர்கள் நாம். வாழ்த்துகள்டா. குழந்தை உன் மூக்கை வாங்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

போன் பண்ணியிருக்கலாம். பண்ணினால் பத்தாவது நிமிடம் ட்ரம்ப் வந்து உட்கார்ந்துவிடுவார். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அந்த ஒரு சௌகரியம்.

மார்ச்சில் வலது முழங்காலை மாற்றினார்கள். இப்போது நடக்கிறேன், டர்ன்பைக் நெடுஞ்சாலையில் வண்டியும் ஓட்டுகிறேன். மகனுக்கு இன்னும் பெண் அமையவில்லை. இதற்கு மேல் என் வீட்டுச் செய்தி கிடையாது. ஊர்ச் செய்திதான் ஒன்று உண்டு. மன்னார்குடியில் தம்பி அரிசி மண்டியை வாடகைக்கு விட்டுவிட்டான். செல்போன் கடை வரப் போகிறதாம். காலி செய்யும்போது அப்பாவின் கல்லாப்பெட்டிக்கு அடித்தட்டில் ஒரு கட்டுத் துண்டுச் சீட்டுகள் இருந்திருக்கின்றன. அதைப் படம் எடுத்து அனுப்பினான். இந்தக் கடிதம் அதனால்தான்.

அதற்கு முன் 2009ஐ ஞாபகப்படுத்துகிறேன். தங்கை மகள் கல்யாணத்துக்கு நீ டல்லாஸிலிருந்து வந்திருந்தாய். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அப்பா என்னை மூணு தரம் யாருன்னு கேட்டார்டா, டாக்டர்கிட்ட காட்டு” என்றாய். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். கல்யாண அலைச்சல், வயசு, தூக்கமில்லை என்று அடுக்கினேன். ஊரெல்லாம் அவர் கணக்கில் புலி என்று சொல்லும்போது நீ என்னடா சொல்வது என்றும் கேட்டேன். உண்மையில் அதற்கு முன்பே இரண்டு வருஷமாக அம்மா அவர் பின்னால் நின்றுகொண்டு, வருகிறவர் பெயரைக் காதோடு சொல்லிக்கொண்டிருந்தாள். கணக்குப்பிள்ளை பேரேட்டை ராத்திரி தனியாகத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். தம்பி செக் புத்தகத்தை ஒளித்து வைத்திருந்தான். யாரும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் தினமும் காலை ஒன்பது மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தார், மண்டி நடந்தது. மூன்று பேர் சேர்ந்து ஒரு ஆளை நடத்திக்கொண்டிருந்தோம். என்னையும் சேர்த்தால் நாலு. நான் வெளிநாட்டிலிருந்து நம்ப மறுத்த ஆள்.

இப்போது ஜூன் 27, 2024க்கு வருகிறேன். அப்போது அதிபராக இருந்த பைடனுக்கும் ட்ரம்புக்கும் அட்லாண்டாவில் சிஎன்என் நடத்திய விவாதம், 90 நிமிடம், அரங்கில் பார்வையாளர் கிடையாது. இவ்வளவு சீக்கிரம் வைக்க வேண்டும் என்று கேட்டதே பைடன் தரப்புதான். பைடன் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, தொலைத்து, தேடி, கடைசியில் மெடிக்கேரைத் தோற்கடித்துவிட்டோம் என்று முடித்தார். வயசானவர்களுக்கான மருத்துவக் காப்பீட்டை அவரே தோற்கடித்துவிட்டாராம்! அந்த நொடியில், ஆளுக்கு மூளை தடுமாறுகிறது என்று உன்னிடமிருந்து மெசேஜ் வந்தது. நான் என்ன பதில் போட்டேன் என்று போனில் தேடிப் பார்த்தேன்: “அவருக்கு ஜலதோஷம்.” அவருடைய ஆட்களும் அன்றிரவு அதையேதான் சொன்னார்கள். அவர்கள் சம்பளத்துக்குச் சொன்னார்கள், நான் ஓசியில் சொன்னேன்.

நீ சொன்னது சரிதான், பழனி. இதை எழுத எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

அந்த பிப்ரவரியிலேயே, ரகசிய ஆவண விவகாரத்தில் பைடனை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் ஹர் தன் அறிக்கையில் பைடனை நல்லெண்ணம் கொண்ட, ஞாபகம் குறைந்த முதியவர் என்று எழுதினார். ஹர் முன்பு ட்ரம்ப் நியமித்த அரசு வழக்கறிஞர், அதனால் இது கட்சி வேலை என்று தள்ளிவிட்டேன். அன்றிரவே பைடன் கோபமாக மறுப்புச் சொல்ல வந்து, எகிப்து அதிபர் சிசியை மெக்சிகோ அதிபர் என்றார். அதையும் தள்ளினேன். எங்கள் ஜனநாயகக் கட்சியிலேயே மின்னசோட்டாவின் டீன் பிலிப்ஸ் வயசைக் காட்டி பைடனை எதிர்த்து நின்றபோது, விளம்பரத்துக்கு அலைகிற ஆள் என்று உன்னிடமே சொன்னேன். விவாதத்துக்கு அப்புறம் விலகச் சொல்லி முதலில் வாய்திறந்த ஜனநாயகக் கட்சி எம்.பி. உன் டெக்சாஸ்காரர் லாயிட் டாகெட். அது ஜூலை 2. பைடன் விலகியது ஜூலை 21. போன மாதம் அவருக்குப் புற்றுநோய் எலும்புவரை பரவியிருக்கிறது என்று செய்தி வந்ததும், உன் ஆட்களில் சிலர் அதையும் எப்போதிலிருந்து மறைத்தார்கள் என்று கேட்டார்கள். எனக்குக் கோபம் வரப் பார்த்தது. அப்புறம் அம்மா அப்பாவின் காதில் பெயர் சொன்னது ஞாபகம் வந்தது.

உன்னை இதோடு விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் கூட்டத்தில் ட்ரம்ப், தன் கட்சிப் போட்டியாளர் நிக்கி ஹேலி பெயரைச் சொல்லிச் சொல்லி எங்கள் கட்சியின் நான்சி பெலோசி மேல் சுமத்த வேண்டிய பழியைச் சுமத்தினாரே, நீ என்ன சொன்னாய்? வாய் தவறிவிட்டது என்றாய். பைடனுக்குப் பெயர் மாறினால் மூளை, ட்ரம்புக்கு மாறினால் வாய். அவரிடம் தலைமை அதிகாரியாக இருந்த ஜான் கெல்லி, நாலு நட்சத்திர ஜெனரல், இவர் ஃபாசிஸ்ட் என்ற விளக்கத்துக்குப் பொருந்துகிறவர் என்று தேர்தலுக்கு முன்பே சொன்னார். வேலை போன கோபம் என்றாய். ஹரை நான் தள்ளிய கையாலேயேதான் கெல்லியை நீ தள்ளினாய். அப்புறம், ஞாபகப் பரீட்சையில் ட்ரம்ப் வாங்கிய அந்த 30க்கு 30. ஏப்ரலில் வெள்ளை மாளிகை டாக்டர் கொடுத்த அறிக்கையை நீ எல்லோருக்கும் அனுப்பியதாக ராமு சொன்னான். அந்தப் பரீட்சை மான்ட்ரியலில் உருவானது, மறதி நோய்க்கு ஆரம்ப அறிகுறி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. கடிகாரம் வரையச் சொல்வார்கள், மிருகங்களின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். அதில் முழு மார்க் வாங்குவது நல்ல விஷயம்தான், சந்தோஷம். ஆனால் உன் ஆள்மேல் எனக்கிருக்கிற புகார் ஞாபகசக்தி பற்றியதே இல்லை. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்துக்குள் கூட்டம் புகுந்து அடித்துக்கொண்டிருந்தபோது மணிக்கணக்கில் டிவி பார்த்துக்கொண்டிருந்த ஆளின் சுபாவம் பற்றியது. அதற்கு எந்த டாக்டர் மார்க் போடுவார்?

போட்டுப் பார்த்திருக்கிறார்கள். முழங்காலோடு வீட்டில் கிடந்த ஆறு வாரத்தில் படித்தேன். 1964இல் உன் குடியரசுக் கட்சி சார்பில் நின்றவர் அரிசோனா செனட்டர் பாரி கோல்ட்வாட்டர். உன் நெஞ்சுக்குத் தெரியும் அவர் சொல்வது சரியென்று, இது அவர் கட்சியின் கோஷம். உன் வயிற்றுக்குத் தெரியும் அவர் பைத்தியமென்று, இது எதிர்த்தரப்பின் பதில். ஃபாக்ட் என்ற பத்திரிகை, நாட்டிலுள்ள 12,356 மனநல மருத்துவர்களுக்கு ஒரே ஒரு கேள்வியைத் தபாலில் அனுப்பியது: அதிபர் பதவிக்கு இவர் மனத்தளவில் தகுதியானவரா? 2,417 பேர் பதில் போட்டார்கள். தகுதியில்லை என்றவர்கள் 1,189 பேர். தகுதி உண்டு என்றவர்கள் 657. எங்களுக்கு இவரைப் பற்றிப் போதுமான அளவு தெரியாது என்று சொன்னவர்கள் 571 பேர்தான். அந்த 571 பேர்தான் டாக்டர்கள். மற்ற எல்லோரும் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். தகுதியுண்டு என்ற 657 பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒருவர்கூட அந்த மனிதரை உட்கார வைத்துப் பரிசோதித்ததில்லை.

கோல்ட்வாட்டர் படுதோல்வி. ஆறே மாநிலம். அப்புறம் பத்திரிகைமேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். நஷ்டஈடு ஒரு டாலர், தண்டத்தொகை 75,000 டாலர். அந்த ஒரு டாலரை நினைத்து நான் நிறையச் சிரித்தேன். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், நேரில் பரிசோதிக்காத பொது மனிதரைப் பற்றி நோய்க் கருத்துச் சொல்லக் கூடாது என்று விதி போட்டது. இன்றைக்கும் அதற்குக் கோல்ட்வாட்டர் விதி என்றே பெயர். அடுத்த வருஷம் ஆகஸ்டில் வாட்டர்கேட் ஊழல் முற்றி அதிபர் நிக்ஸன் பதவியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தபோது, வெள்ளை மாளிகைக்குப் போய் செனட்டில் உங்களுக்கு ஓட்டு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மூன்று பேரில் ஒருவர் இந்தக் கோல்ட்வாட்டர். மூன்று பேரும் நிக்ஸனின் சொந்தக் கட்சிக்காரர்கள். ஜனநாயகக் கட்சிக்காரன் போய்ச் சொல்லியிருந்தால் நிக்ஸன் கதவையே திறந்திருக்க மாட்டார்.

2009இல் நீ எனக்குச் சொன்னது ஏன் ஏறியது என்று யோசித்தேன். உடனே ஏறவில்லை, ஆனால் ஆறு மாதம் கழித்துத் தஞ்சாவூரில் டாக்டரிடம் கூட்டிப் போனேனே! உனக்கு அதில் லாபம் எதுவும் கிடையாது. அப்பாவை உனக்குப் பிடிக்கும். நீ எதிர்க்கடை மண்டிக்காரனாக இருந்திருந்தால் சாகிறவரை நம்பியிருக்க மாட்டேன், எதிர்க்கடைக்காரன் கண்ணுக்கும் உன் கண்ணுக்கும் பட்டது ஒன்றாகவே இருந்தாலும். இந்த நாட்டில் அதிபராக நிற்க என்ன வேண்டும்? 35 வயசு, பிறப்பால் குடியுரிமை, 14 வருஷ வாசம். மற்றதையெல்லாம் ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். ஜனங்கள் என்றால் யார்? நீயும் நானும். ஒருத்தன் எதிர்க்கடைக்காரன், இன்னொருத்தன் வீட்டுப் பிள்ளை. பதவிக்கு வந்த பிறகு, முடியாத அதிபரை இறக்க அரசியல் சட்டத்தின் 25ஆவது திருத்தம் இருக்கிறது என்பாய். அதில் தலையாட்ட வேண்டியவர்கள் துணை அதிபரும், அதிபரே பொறுக்கி எடுத்த அமைச்சர்களும். எங்கள் மண்டியில் கணக்குப்பிள்ளையிடம் போய் முதலாளியை இறக்கிவிடு என்று சொல்வது மாதிரி. 1919இல் அதிபர் வுட்ரோ வில்சன் பக்கவாதத்தில் விழுந்தபோது, யார் உள்ளே போகலாம், எந்தக் காகிதம் உள்ளே போகலாம் என்பதையெல்லாம் அவர் மனைவி ஈடித் முடிவு செய்தாள். பதவிக்காலம் முடியும்வரை வண்டி ஓடியது. அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. தெரிந்திருந்தால் பிடித்திருக்கும்.

பைடனுக்குப் பதிலாக நின்ற கமலா ஹாரிஸைப் பற்றி நாம் போட்ட சண்டையை மறுபடியும் எடுக்கவில்லை. ஒன்று மட்டும். துளசேந்திரபுரம் எங்கள் ஊருக்குப் பக்கம், அவர் தாத்தா பிறந்த ஊர், தேர்தலன்று சாஸ்தா கோவிலில் விசேஷ பூஜை. தம்பி அந்த பேனர் படத்தை அனுப்பியதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊர்ப் பெண் என்பதற்காக ஓட்டுப் போட்டாயா என்று நீ கேட்டாய். இல்லை என்றேன். கொஞ்சம் உண்டு. நீயும் பதினொரு வருஷம் கிரீன் கார்டு வரிசையில் நின்ற எரிச்சலில்தான் எல்லையைத் தாண்டி வருகிறவர்களைப் பற்றி ட்ரம்ப் பேசியதற்குக் கைதட்டினாய். அந்த எரிச்சல் எனக்கும் தெரியும், நானும் அதே வரிசையில் நின்றவன்தான். அதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ளாமல் உன்னை இனவெறியன் என்று குழுவில் எழுதினேன். அது தப்பு.

சரி, சீட்டுகள். மொத்தம் முப்பது முப்பத்தைந்து இருக்கும். அப்பா கையெழுத்து, பென்சில். “வெள்ளை மீசை, நீடாமங்கலம், பாக்கி உண்டு.” “சிவப்புச் சேலை, டீச்சர், பொன்னி 25 கிலோ.” “கண்ணாடி போட்டவன் சின்ன மருமகன், கோபக்காரன்.” எல்லோரும் அவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது அவர் பாட்டுக்கு ஆள் வருமுன் பெட்டியைத் திறந்து பார்த்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். பைடன் கையில் பெயர் எழுதிய அட்டை வைத்திருந்ததாக நீ படம் அனுப்பிச் சிரித்தாயே, தம்பி அனுப்பிய இந்தப் படத்தைப் பார்த்த மறுநிமிடம் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அதில் ஒன்று உன்னுடையது. “பழனி. பெரியவன் கூடப் படித்தவன். அமெரிக்கா. காபிக்குச் சர்க்கரை தூக்கலாக.” கல்யாணத்துக்கு மறுநாள் நீ மண்டிக்கு வந்தபோது பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று நீ சொன்னாய், அதை வைத்தே நான் உன்னிடம் சண்டை போட்டேன். பார்த்தாயா, நன்றாகத்தானே இருக்கிறார் என்று. அசல் சீட்டைத் தம்பி கூரியரில் அனுப்புகிறான். வந்ததும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

ஜூலை இரண்டாம் வாரம் மீனாவின் அக்கா வீட்டுக்கு ஆஸ்டின் வருகிறோம். அங்கிருந்து உன் வீடு மூன்றரை மணி நேரம். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வரலாமா என்று உன் வீட்டம்மாவைக் கேட்டு எழுது. உன்னைக் கேட்டால் நீ ஏதாவது நிபந்தனை போடுவாய். வாசலில் அந்த ட்ரம்ப் பலகை இன்னும் இருந்தால் இருக்கட்டும், நான் வண்டியை அதன்மேல் ஏற்ற மாட்டேன். அந்த 30க்கு 30 விஷயத்துக்கு மட்டும் பதில் யோசித்து வை. கடிகாரம் வரைகிற பரீட்சையை நாம் இரண்டு பேரும் எழுதிப் பார்ப்போம், மீனா மார்க் போடட்டும்.

அன்புடன்,
சந்துரு

பி.கு.: வரும்போது மன்னார்குடி சீவல் கொண்டு வருகிறேன். உன் பல்லுக்கு ஆகுமா?