குரலை உயர்த்த வேண்டாம், ஆனால் பேசு

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

ஆத்தா எழுதுவது. நீ போனை வைத்ததும் உன் அப்பச்சி, "பதவி உயர்வுதானே வந்திருக்கிறது, இதற்கு எதற்கு இவ்வளவு கவலை?" என்றார். அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டால் போதாது என்று தாளை எடுத்தேன்.

உனக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தவர் மேசையைத் தட்டிப் பேசுவார், அவர் நுழைந்தாலே எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள் என்றாய். இப்போது கம்பெனி உனக்கென்று ஒரு பயிற்சியாளரை அமர்த்தியிருக்கிறது. அவர் உனக்கு மேலே, கீழே, பக்கத்தில் இருப்பவர்களிடமெல்லாம் கருத்துக் கேட்டுத் தந்த அறிக்கையில், "மேடம் மனதில் என்ன நினைக்கிறார் என்றே தெரிவதில்லை" என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு, "நானும் மேசையைத் தட்ட வேண்டுமா ஆத்தா?" என்கிறாய்.

வேண்டாம். தட்டினால் உனக்குக் கைதான் வலிக்கும். ஆனால் அந்த அறிக்கையில் சத்தம் போதவில்லை என்று யாரும் குறைப்படவில்லையே. நீ நினைப்பது தெரியவில்லை என்றுதானே சொல்லியிருக்கிறார்கள்?

என் ஐயா சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கியில் இருந்தவர். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, பிறகு மேலாளானவர். கிட்டங்கி என்றால் ஒரு நீண்ட கூடம். அதற்குள் வரிசையாகப் பல வட்டிக்கடைகள். ஒரு கடை என்பது தரையில் ஒரு பாய், ஒரு மரப்பெட்டி, பேரேடு, பின்னால் சம்மணமிட்டு ஒருவர், அவ்வளவுதான். எல்லாருக்கும் அதே வெள்ளை வேட்டி, அதே திருநீறு. கடன் கேட்டு வருகிறவர் எந்தப் பெட்டியின் முன்னால் போய் உட்காருவார்? ஆளைப் பார்த்துத்தான். ஐயா அதிகம் பேசமாட்டார். ஆனால் "தருகிறேன்" என்பதையும் "இயலாது" என்பதையும், வந்தவர் எழுந்து போவதற்குள் காரணத்தோடு சொல்லிவிடுவாராம். முதலாளி இருந்தது கடலுக்கு இந்தப் பக்கம். கடிதம் போய்வர வாரக்கணக்கில் ஆகும். "கேட்டுச் சொல்கிறேன்" என்று தள்ளிப்போட வழியில்லை. நம் வீட்டில் மின்கட்டண ரசீதுகளைப் போட்டு வைத்திருக்கிறோமே, அது அவருடைய பெட்டிதான். மூடியின் வலப்பக்கம் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும், முழங்கை ஊன்றிய இடம். அடுத்த முறை வரும்போது தடவிப் பார்.

உன் பயிற்சியாளர் கேள்வி மட்டுமே கேட்கிறார், பதிலே சொல்வதில்லை, இதற்கா கம்பெனி இவ்வளவு பணம் கொடுக்கிறது என்று அலுத்துக்கொண்டாய். அவர் சொன்னதாக நீ சொன்ன டென்னிஸ் கதை எனக்குப் பிடித்திருந்தது. 1970களில் அமெரிக்காவில் திமோதி கால்வே என்ற பயிற்சியாளர், கையை இப்படி வை, காலை அப்படி வை என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டு, பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆட வைத்தாராம். கவனமெல்லாம் பந்தின் மேல் போனதும் அடி தானாகத் திருந்தியது என்பது கதை. உனக்கு அது வித்தையாகத் தெரிகிறது. எனக்கு உன் அப்பத்தா நினைவு வந்தது.

கல்யாணமானதும் நம் பக்கத்தில் வேறு வைப்பார்கள் அல்லவா? ஒரே வீடு, ஒரே வளவு. ஆனால் புதிதாய் வந்தவளுக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. உன் அப்பத்தா அரிசி பருப்பு எல்லாம் அளந்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பத்தடி தள்ளி அவர் அடுப்பு எரியும், என் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். முதன்முதலில் வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு ஆட்டினேன். டம்ளர் நிறையப் பச்சரிசி, மேலே கோபுரமாக உளுந்து, அளவெல்லாம் சரிதான், பதம்தான் சந்தேகம். கிண்ணத்தோடு போய், "மாவு சரியாக இருக்கிறதா?" என்று கேட்டேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஒன்று ஊற்றிப் பார்" என்றார். ஊற்றினேன். ஓரம் விரியாமல் குண்டாக நின்றது. கொஞ்சம் பால் விட்டுக் கலக்கி அடுத்ததை ஊற்றினேன். அதன்பிறகு அவரிடம் பதம் கேட்க நான் போகவில்லை; என் பணியாரம் அவருடையதைப் போலவும் இல்லை. கணக்கை மட்டும் மாதம் தவறாமல் பார்ப்பார், ஓர் அணா விடமாட்டார். பொறுப்பைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பது லேசான காரியமில்லை. உன் பயிற்சியாளர் அதைத்தான் செய்கிறார் என்றால் வாங்குகிற பணத்துக்கு வேலை செய்கிறார்.

இங்கே பள்ளிப் பிள்ளைகளிடம் "அழகப்பரைப் போல வர வேண்டும்" என்று சொல்லாத விழாமேடை இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் கோட்டையூரில் பிறந்தவர், சட்டம் படித்தார், விமானம் ஓட்டக் கற்றார், காரைக்குடிக்குச் செக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். நேரு வந்து அடிக்கல் நாட்டியது 1948இல். அவர் யாரைப் போல வந்தார் என்று மேடையில் யாரும் சொல்வதில்லை!

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், கோபப்படாதே. "நான் இப்படித்தான், அமைதியான சுபாவம்" என்று நீ சொல்வதை நான் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன வயதில் நீ அமைதியான பிள்ளையே இல்லை. சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளுக்குள் பங்கு பிரிப்பதில் நியாயம் பிசகினால் முகப்பு வரைக்கும் உன் குரல் கேட்கும். அடக்கம் உன் சுபாவமாக இருக்கலாம். மாற்றுக் கருத்தை விழுங்கிவிட்டு, கூட்டம் முடிந்தபிறகு மெயிலில் எழுதுவது சுபாவமில்லை, பழக்கம். பழகியதெல்லாம் பிறவிக்குணமாகிவிடாது. வரும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் உன் முடிவு என்ன, ஏன் என்பதை முதல் ஆளாக, உன் சாதாரணக் குரலிலேயே சொல்லிப் பார். யாராவது மறுத்தால் நல்லது; மறுக்க ஏதோ ஒன்று அவர்கள் கையில் கிடைத்திருக்கிறதே.

செட்டி வீட்டுப் புத்தி, இதையும் எழுதிவிடுகிறேன். பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. அவரிடம் நீ மனம் விட்டுப் பேசுவதில் எது உங்கள் இருவரோடு நிற்கும், எது மேலே போகும் என்பதை அடுத்த சந்திப்பிலேயே வெளிப்படையாகக் கேள். நல்லவராக இருந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார். தானாகவே சொல்லியிருக்க வேண்டியது அது.

நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கலுக்கு நம் குடும்பப் புள்ளிக்கும் பானை வைக்க வேண்டும். விடுப்பு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு டிக்கெட் போட்டுவிடு. உன் அப்பச்சி கண் அறுவைசிகிச்சையைத் தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்கிறார், அதைப் பற்றியும் நேரில் பேச வேண்டும்.

அன்புடன்,
ஆத்தா