சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ச்சிசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பிறருடன் பழகும் திறனைக் குழுவாகக் கற்பிக்கும் வகுப்புகள் பெருகிவருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவற்றுள் பலவற்றில் குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து, "வணக்கம் சொல்லு", "கண்ணைப் பார்த்துப் பேசு" என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல அதன்படி நடக்கிறார்களே ஒழிய, பக்கத்திலிருக்கும் குழந்தையிடம் பேசவேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படுவதே இல்லை. சிறப்பாசிரியராகப் பணிபுரியும் நானும் சில ஆண்டுகள் இப்படித்தான் வகுப்பு நடத்தினேன்.

இத்தகைய குறைபாடுகளுள் ஒன்றான ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக உளவியலாளர் டேனியல் லெகாஃப் வகுத்து, 2004-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட லெகோ முறை இந்தக் குறையைத் தீர்க்கிறது. லெகோ என்பது ஒன்றோடொன்று பொருத்தி உருவங்கள் செய்யும் விளையாட்டுக் கட்டைகள். படத்தைப் பார்த்து எந்தக் கட்டை வேண்டும் என்று ஒரு குழந்தை சொல்ல, இன்னொன்று அதைத் தேடிக் கொடுக்க, மூன்றாவது குழந்தை பொருத்தும். சற்று நேரத்தில் பொறுப்புகள் மாறும். ஒருவர் மற்றவரை அணுகாமல் வேலை நகராது. (லெகோ கட்டைகள்தாம் வேண்டும் என்பதில்லை, மூவர் கை கோத்தால் மட்டுமே முடிகிற எந்த வேலையும் போதும்.)

என் வகுப்பில் ஒருநாள் இப்படி வேலை நடக்கையில், அதிகம் பேசாத ஒரு சிறுவன் சிவப்புக் கட்டையை நீட்டிக்கொண்டு நின்றான். பொருத்துகிற சிறுமி குனிந்த தலை நிமிரவில்லை. "அவளைக் கூப்பிடு" என்று சொல்ல வாயெடுத்த நான் அடக்கிக்கொண்டேன். சிறிது நேரம் பொறுத்தவன், கட்டையால் மேசையில் இரண்டு முறை தட்டினான். அவள் நிமிர்ந்து வாங்கிக்கொண்டாள். அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. ஆட்டிசம் உள்ள பலருக்குக் கண்ணோடு கண் நோக்குவதே பெரும் அவஸ்தை என்பதால், அதை வற்புறுத்துவதை நாம் நிறுத்திக்கொள்வது நல்லது.

பயிற்சி அறையில் கற்றது விளையாட்டுத் திடலுக்குத் தானாக வந்துவிடாது என்பது இத்துறையில் உள்ளோர் அனைவரும் அறிந்ததே. எனவே இத்தகைய குழுக்களை வாரம் ஒருமுறை தனி அறையில் கூட்டுவதோடு நில்லாமல், பள்ளி நேரத்திலேயே, குறைபாடு இல்லாத வகுப்புத் தோழர்களையும் சேர்த்து நடத்த வேண்டும். கேள்வி கேட்டபின் பதிலுக்குப் பொறுத்திருக்கவும், தோழனுக்காகத் தாமே பதில் சொல்லாமல் இருக்கவும் அத்தோழர்களுக்கும் முன்கூட்டியே சொல்லித்தர வேண்டும். அவர்களை 'உதவி செய்யும் நல்ல பிள்ளைகள்' என்று ஆசிரியர்கள் பாராட்டத் தொடங்கினால் குழு கெட்டுவிடும்; கட்டைக்காகக் கைநீட்டிக் காத்திருக்கும் முறை அவர்களுக்கும் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சிறப்பாசிரியர்