ஒரே நோய்க்கு எத்தன க்ளைம் போடுறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

வீட்டு நாய்க்கு இன்சூரன்ஸ் எடுக்குறது பத்தி உங்க பேப்பர்ல வந்த செய்திய பாத்தேன். பாலிசி எப்படி எடுக்குறது, எந்த வயசு வரைக்கும் குடுப்பாங்க, என்னென்ன பேப்பர் வேணும்னு எல்லாம் நல்லாவே போட்டிருந்தீங்க. ஆனா எடுத்ததுக்கு அப்புறம் நடக்குற கூத்து அதுல இல்ல, அதுலயும் முதல் நாள் வைத்தியம் முடிஞ்சு டாக்டர் "ரெண்டு வாரம் கழிச்சு கூட்டிட்டு வாங்க"ன்னு சொல்றாரு பாருங்க, அந்த ரெவ்யூ செலவுக்கு க்ளைம் போட்டு காசு வாங்குற கூத்து. அதுக்குத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், எடத்துக்கு தகுந்த மாதிரி வெட்டிக்கோங்க.

கடலூர் ஜில்லாவுல மாட்டு இன்சூரன்ஸ் தெரியாதவங்க கம்மி. காதுல டேக் அடிப்பாங்க, மாடு செத்துப்போச்சுன்னா டாக்டர் சர்டிபிகேட்டும் டேக்கும் குடுத்தா பணம், டேக் இல்லேன்னா க்ளைம் இல்ல, அவ்ளோதான் கணக்கு. பொதுத்துறை கம்பெனிங்க ரொம்ப காலமா வச்சிருக்குற நாய் பாலிசியும் கிட்டத்தட்ட அதே ரகம்தான், பெரும்பாலும் செத்தாத்தான் காசு. ஆபரேஷன், அட்மிஷன், ஓ.பி.ன்னு வைத்தியச் செலவையும் சேத்து தனியார் கம்பெனிங்க விக்குறது 2020க்கு அப்புறம்தான் நம்ம காதுல விழ ஆரம்பிச்சுது. என்னக் கேட்டா, பாலிசிய மாத்துனவங்க பழைய யோசனைய மாத்தலன்னுதான் சொல்லுவேன். சாவுங்கறது ஒரு தேதி, ஒரு சர்டிபிகேட், ஒரு க்ளைம்னு முடிஞ்சுரும். வைத்தியம் அப்படியா முடியுது?

எங்க வீட்டு லேப்ரடார் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்துச்சு. கடலூர், பாண்டி பக்கம் நாய் வளக்குற யாரக் கேட்டாலும் இத சொல்லுவாங்க, இந்தப் புழுக்கத்துல உண்ணிக்கு வருஷம் முழுக்க கொண்டாட்டம்தான். சாப்பிடாம படுத்துருச்சு, ஈறெல்லாம் வெளுத்துப்போச்சு, ரத்தம் எடுத்துப் பாத்தா பிளேட்லெட் பாதாளத்துல கெடக்கு, உண்ணி பரப்புற கிருமிங்க எர்லிச்சியாவும் பேபீசியாவும் ரெண்டும் இருக்குன்னாரு டாக்டர். இப்ப இந்த நோய்க்கு வைத்தியம் எப்படின்னு பாருங்க. எர்லிச்சியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திர 28 நாள் விடாம குடுக்கணும், நாய் நாலாம் நாளே எழுந்து வாலாட்டுதுன்னு நிறுத்திட்டா கிருமி உள்ளயே தங்கி மாசக்கணக்குல கழிச்சு திரும்ப வந்து படுத்தும். பேபீசியாவுக்கு ஊசி ரெண்டு, ஒண்ணு போட்டு 14 நாள் கழிச்சு இன்னொண்ணு. நடுவுல பிளேட்லெட் ஏறுதான்னு ரத்தம் பாக்கணும், கோர்ஸ் முடிஞ்சதும் ஒரு தடவ பாக்கணும். அப்ப ரெவ்யூங்கறது நம்ம ஆசைக்கு போறது இல்ல, அதுதான் வைத்தியமே. ரெண்டாவது ஊசி போடலேன்னா முதல் ஊசிக்கு குடுத்த காசும் வேஸ்ட்.

கம்பெனி கணக்கு வேற. முதல் நாள் பில்லுக்கு காசு வந்துருச்சு, அதுல குறை சொல்ல மாட்டேன். ரெண்டாவது ஊசி, ரத்தப் பரிசோதனை, மாத்திர இதெல்லாம் ஒண்ணொண்ணும் தனித்தனி தேதியில இருக்குறதால தனித்தனி க்ளைமா போடுங்கன்னாங்க. தனியா போட்டா என்ன, போட்டுட்டு போவோம்னு நெனச்சுராதீங்க, ஒவ்வொரு க்ளைமுக்கும் டிடக்டிபிள்னு முதல் 500 ரூபாய நம்ம தலையில கட்டிட்டு மிச்சத்தத்தான் தருவாங்க. ரெவ்யூ பில் 700 வந்தா கைக்கு 200, 450 வந்தா ஒண்ணும் இல்ல. ஒரே நோய், ஒரே டாக்டர், ஒரே ஃபைல், ஆனா கழிக்கிறது மட்டும் ஒவ்வொரு தடவையும். வீடு கட்ட லோன் கேட்டவன செங்கல்லுக்கு ஒரு அப்ளிகேஷன் சிமெண்ட்டுக்கு ஒரு அப்ளிகேஷன் போடச் சொன்னா எப்படி இருக்கும், அப்படித்தான்.

அதோட விட்டாங்களா. ரெவ்யூ சீட்டுல டாக்டர் என்ன எழுதுவாரு, முன்னவிட பரவால்ல, அதே மருந்து தொடரவும்னு ரெண்டு வரி கிறுக்கிக் குடுப்பாரு, வெளியில பத்து நாயும் நாலு ஆடும் நிக்கிறப்ப வேற என்னத்த எழுதுவாரு பாவம். அந்தச் சீட்ட அப்லோட் பண்ணா, நோயின் பெயர் இல்லன்னு ஒரு மெயில். அப்புறம் இன்னொரு மெயில், பரவால்லன்னு எழுதியிருக்கே, அப்ப எதுக்கு மருந்துன்னு. வைத்தியம் பலிச்சதே தப்பாயிருச்சு.

மெடிக்கல் ஷாப் பில்லு கதை தனி. நாய்க்கு எழுதுற டாக்சிசைக்ளின பெரும்பாலும் மனுஷங்க மெடிக்கல்லதான் வாங்குறோம். அங்க கம்ப்யூட்டர்ல பேஷண்ட் பேரு போடாம பில்லு வராது, கடைப் பையன் என் பேரக் கேட்டு அடிச்சுக் குடுத்தான். கம்பெனிலேர்ந்து கேள்வி, இந்த மருந்து பாலிசிதாரர் சாப்பிட்டதா நாய் சாப்பிட்டதான்னு. அடுத்த தடவ நாய் பேரையே போடச் சொன்னேன், "ஜிம்மி, ஆண், வயது 4"ன்னு பில்லு வந்துச்சு, கடையில நின்ன பாட்டியம்மா நாலு வயசுக் குழந்தைக்கு இவ்ளோ மாத்திரையான்னு என்னைய மொறச்சுட்டுப் போச்சு.

லாஸ்பேட்டையில இருக்குற என் சகலை வீட்டுல இதவிட மோசம். அவங்க நாய் மேல பைக் ஏறி தொடை எலும்பு ஒடஞ்சுது, ஆபரேஷன் பண்ணி பிளேட் வச்சாங்க, அந்தச் செலவு பாலிசில வந்துச்சு. அதுக்கப்புறம் டிரெஸ்ஸிங், தையல் பிரிக்கிறது, எலும்பு கூடுதான்னு சில வாரம் கழிச்சு எக்ஸ்ரே, இதெல்லாம் அட்மிஷன் இல்ல ஓ.பி., உங்க பிளான்ல ஓ.பி. கிடையாதுன்னு தள்ளிட்டாங்க. எலும்பு சேந்துச்சான்னு எக்ஸ்ரே எடுத்துப் பாக்காம அது என்னங்க ஆபரேஷன்? நடுவுல பாலிசி ரெனியூவல் தேதி வேற வந்துருச்சு, இது போன வருஷ பாலிசி சம்பந்தப்பட்டதா இந்த வருஷமாங்கற கேள்வி தனியா ஓடிக்கிட்டு இருக்கு. எந்தக் கம்பெனின்னு நான் எழுதல, பேச வேண்டியது எல்லாருக்கும் பொதுவான விஷயம்.

கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு நோய்க்கு ஒரு க்ளைம் நம்பர் குடுங்க, டாக்டர் முடிஞ்சுதுன்னு எழுதுற வரைக்கும் அதே நம்பர்ல ரெவ்யூ பில்ல சேத்துக்கிட்டே வாங்க, டிடக்டிபிள ஒரு தடவ மட்டும் கழிங்க. இத்தன நாள் வரைக்கும்தான் ஃபாலோ அப் தருவோம்னு ஒரு கணக்கு இருந்தா அதையும் பாலிசியோட முதல் பக்கத்துல தமிழ்ல போடுங்க, இருபத்தஞ்சாம் பக்கத்துல பொடி எழுத்து இங்கிலீஷ்ல வேணாம். விக்கிற ஏஜெண்ட் மட்டும் தமிழ்ல நல்லா தேனா பேசுறாருல்ல.

டாக்டருங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள். இங்க தனியா கிளினிக் வச்சிருக்கவங்க ஆகட்டும், கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ஆகட்டும், பாண்டியில குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆகட்டும், முதல் நாளே ஒரு வெள்ளத் தாள்ல நோய் பேரு, எப்ப ஆரம்பிச்ச வைத்தியம், எந்தெந்த தேதிக்கு ரெவ்யூ, எத்தன நாள் மருந்து, கீழ கால்நடை மருத்துவ கவுன்சில்ல உங்க ரெஜிஸ்டர் நம்பர், சீல், இவ்ளோ எழுதிக் குடுத்துட்டீங்கன்னா எங்க பாதி சண்ட குறைஞ்சுரும். எங்க டாக்டர் கேட்டதும் எழுதிக் குடுத்தாரு, அந்தத் தாள வச்சுத்தான் மறுபடி மனு போட்டேன். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பில்லே கிடையாது, ஓ.பி. சீட்டுதான், அதோட வெளியில வாங்குன மருந்து பில்ல சேத்து அனுப்புறவங்களுக்கு இந்தத் தாள் இல்லேன்னா ரொம்ப கஷ்டம்.

நாய் வளக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், போன்ல கஸ்டமர் கேர் பொண்ணு சார் ரிஜெக்ட் ஆயிருச்சுன்னு சொன்னா சரின்னு வச்சுராதீங்க. பாலிசில எந்த பிரிவுப்படி ரிஜெக்ட்னு எழுத்துல கேளுங்க. இன்சூரன்ஸ் கம்பெனிங்கள கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூன்ல பொது இன்சூரன்ஸ் கம்பெனிங்களுக்கு போட்ட சர்க்குலர்ல, டாகுமெண்ட் இல்லன்னு காரணம் காட்டி க்ளைம தள்ளக்கூடாதுன்னே இருக்கு, க்ளைமுக்கு நேரடியா சம்பந்தப்பட்ட பேப்பர மட்டும்தான் கேக்கணும்னும் இருக்கு. முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்க. அங்க வேலைக்காகலேன்னா ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யோட பீமா பரோசாங்கற புகார் போர்ட்டல்ல பதியலாம், 155255க்கு போன் பண்ணியும் பதியலாம்.

அதுக்கும் மேல, இன்சூரன்ஸ் புகார விசாரிச்சு தீர்ப்பு சொல்ற ஓம்பட்ஸ்மேன் இருக்காரு. பீஸ் கிடையாது, வக்கீல் வேணாம், சொந்தப் பேர்ல எடுத்த பாலிசின்னா போடலாம். கடலூருக்கும் சரி, புதுச்சேரி டவுன், காரைக்காலுக்கும் சரி, சென்னை ஆபீஸ்தான், ஒரே யூனியன் பிரதேசமா இருந்தாலும் மாஹே கொச்சிக்கும் ஏனாம் ஹைதராபாத்துக்கும் போகுது, அது ஒரு வேடிக்க. கம்பெனிக்கு எழுதி ஒரு மாசம் பதில் இல்லேன்னாலோ, வந்த பதில் திருப்தி இல்லேன்னாலோ அங்க போகலாம். அவர் உத்தரவு போட்டா கம்பெனி 30 நாள்ல குடுத்தாகணும். சில நூறு ரூபாய்க்கு இதெல்லாமான்னு என் வீட்டுக்காரம்மா கேக்குறாங்க, அந்த தைரியத்துலதான் கம்பெனிக்காரங்க கழிச்சுக்கிட்டே இருக்காங்க. ரிஜெக்ட் லெட்டர் வந்து ஒரு வருஷம் தாண்டாதவங்க இன்னும் மனு போடலாம், நான் போட்டுட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.