வீட்டில் கோழி உண்டா என்று கேட்க ஆள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த பறவைக் காய்ச்சல் கட்டுரையைப் படித்தேன். பண்ணைக்காரர்களின் நஷ்டம், முட்டை விலைச் சரிவு, வாளையாறு சோதனைச்சாவடியில் லாரி டயருக்கு மருந்தடிப்பது எல்லாம் நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் இந்தியாவில் மனிதர்களுக்கு இந்த நோய் வருவது மிக அபூர்வம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கட்டுரையாளர் அடுத்த பத்திக்குப் போய்விட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் நாமக்கல் மாவட்டத்தில் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

கணக்கில் பார்த்தால் அபூர்வம்தான். எகிப்தில் 350 பேருக்கு மேல், இந்தோனேசியாவில் சுமார் 200 பேர், வியட்நாமில் 120 பேருக்கு மேல் எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றியதாகப் பதிவாகியிருக்கிறது. நம் நாட்டுக் கணக்கை விரல் விட்டு எண்ணிவிடலாம். இத்தனைக்கும் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் 2006 பிப்ரவரியில் கோழிகளிடம் முதன்முதலாகப் பிடிபட்ட நாளிலிருந்து அது ஏதாவது ஒரு மாநிலத்தில் தலைகாட்டிக்கொண்டேதான் இருக்கிறது. 2008-ல் மேற்கு வங்கத்தில் சுமார் 40 லட்சம் பறவைகளை அழித்தார்கள். 2014-ல் கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகள். 2021 ஜனவரியில் இமாச்சலத்தின் போங் அணையில் வரித்தலை வாத்துகள், ராஜஸ்தானில் காக்கைகள், மறுபடியும் ஆலப்புழை, கோட்டயம். அதுவரை மனிதர்களில் ஒருவருக்குக்கூட எச்5என்1 உறுதியாகவில்லை.

கோழி அழிக்கும் இடங்களில் கவனிப்பு இல்லாமல் இல்லை. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் பறவைகளை அழிப்பது, பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பது, அழிக்கும் ஆட்களுக்கு உடல் முழுக்க மூடும் உடை, டாமிஃப்ளூ என்னும் வைரஸ் தடுப்பு மாத்திரை, வேலை முடிந்த பிறகும் பத்து நாள் காய்ச்சல் பார்ப்பது என்று எல்லாம் எழுதி வைத்த முறைப்படி நடக்கும். அந்த வளையத்துக்குள் தேடியபோது யாரும் கிடைக்கவில்லை. கிடைத்த நோயாளிகள் யார், எப்படிக் கிடைத்தார்கள் என்பதைக் கட்டுரையாளர் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கலாம்.

2019-ல் மகாராஷ்டிரத்தின் மேல்காட் பகுதியில் பதினேழு மாத ஆண் குழந்தைக்கு எச்9என்2 என்னும் இன்னொரு பறவைக் காய்ச்சல் வைரஸ் இருப்பது தெரிந்தது. கோர்க்கு பழங்குடிக் குடும்பம். அங்கே கைக்குழந்தைகளுக்கு வரும் வேறொரு சுவாச வைரஸைப் பற்றி ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அதற்காக எடுத்த மாதிரியில்தான் இது அகப்பட்டது. ஆய்வு பக்கத்துத் தாலுகாவில் நடந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு வந்தது சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றே போயிருக்கும். நல்லவேளை, குழந்தை தேறிவிட்டது.

2021-ல் ஹரியானாவைச் சேர்ந்த சிறுவன். ரத்தப் புற்றுநோய் இருந்ததால் தில்லி எய்ம்ஸில் சேர்த்திருந்தார்கள். இன்ஃப்ளூயன்சா ஏ (பறவைக் காய்ச்சலும் இந்த வகைதான்) என்று வந்த மாதிரி எந்த உட்பிரிவு என்று பிடிபடாததால் புனே தேசிய வைராலஜி நிறுவனத்துக்குப் போனது. எச்5என்1 என்று அங்கே உறுதியானது. இந்தியாவில் உறுதி செய்யப்பட்ட முதல் எச்5என்1 மரணம் அதுதான். புற்றுநோய்க்காக எய்ம்ஸுக்குப் போகாத பையனாக இருந்தால் இந்த வரலாறு 2021-ல் தொடங்கியிருக்குமா?

2024-ல் நடந்தது இன்னும் விசித்திரம். பிப்ரவரியில் கொல்கத்தா வந்துவிட்டு ஆஸ்திரேலியா திரும்பிய இரண்டரை வயதுப் பெண் குழந்தை, ஊர் சேர்ந்த மறுநாளே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. அது எச்5என்1 என்று அங்கே கண்டுபிடித்தார்கள். தெற்காசியாவில் சுற்றும் ரகத்தோடு வைரஸின் மரபணு பொருந்தியது. ஆக, நம் ஊரில் பிடித்த நோய் ஆஸ்திரேலியாவின் கணக்கில் ஏறிவிட்டது.

அதே சமயத்தில் மேற்கு வங்கத்தில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தது. முதல் தடவை சோதித்ததில் இன்ஃப்ளூயன்சா பி, அடினோ வைரஸ் என்று முடிவு வந்தது. தேறி வீட்டுக்குப் போன குழந்தைக்கு சில நாளில் மறுபடியும் மூச்சுத் திணறல். மார்ச் 5 அன்று கொல்கத்தா ஆய்வகத்துக்கு மாதிரி போனது, இன்ஃப்ளூயன்சா ஏ என்று தெரிந்தது. அது எச்9என்2 என்று புனேயில் உறுதியானது ஏப்ரல் 26. ஏழு வாரம்! வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கோழிகள் இருந்தன என்பது பிறகு தெரியவந்தது. 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா விலங்கு மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் செத்தபோது, போபால் கால்நடை நோய் ஆய்வகத்திலிருந்து எச்5என்1 என்று இரண்டு வாரத்துக்குள் பதில் வந்துவிட்டது. புலியைக் குறை சொல்லவில்லை. குழந்தைக்கும் அந்த வேகம் கிடைக்கட்டும் என்கிறேன்.

அப்புறம் 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் நரசராவ்பேட்டையைச் சேர்ந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை மங்களகிரி எய்ம்ஸில் இறந்தது. கோதாவரி மாவட்டங்களில் அப்போதுதான் பண்ணைகளில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்திருந்தன. கறி வெட்டும்போது குழந்தை கேட்டதென்று பச்சைத் துண்டு ஒன்றைக் கொடுத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அதே கறியைச் சமைத்துத் தின்ற மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் செய்தி. மரணம் மார்ச் நடுவில், செய்தி நமக்குத் தெரிந்தது ஏப்ரல் தொடக்கத்தில்.

இந்த ஐந்து பேரில் ஒருவர்கூடக் கோழி அழித்தவரோ பண்ணையில் வேலை பார்த்தவரோ இல்லை. ஐந்து பேரும் பிள்ளைகள். ஐந்து பேரும் மூச்சுக்கோளாறோடு எங்கேயோ மாதிரி எடுக்கப்பட்டு, அந்த மாதிரி யாரோ ஒருவர் விடாமல் துரத்தியதால் வெளிச்சத்துக்கு வந்தவர்கள். துரத்தப்படாத மாதிரிகளும், மாதிரியே எடுக்கப்படாத பிள்ளைகளும் எந்தக் கணக்கில் வருவார்கள்? கட்டுரையாளரின் "அபூர்வம்" எனக்கு உறுத்துவது இதனால்தான்.

கோழிக்கழிச்சல் தடுப்பூசி போடக் கிராமம் கிராமமாகப் போனவன் என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பஞ்சாரத்தில் ஒரு நாட்டுக்கோழி இறகைத் தொங்கப் போட்டு உறங்கி விழுந்தால், வீட்டுக்காரம்மா செய்கிற முதல் காரியம் அதை அறுப்பதுதான். செத்தால் வீண், அறுத்தால் குழம்பு. கொதிக்கும் குழம்பால் ஆபத்து இல்லை, 70 டிகிரி வெப்பத்தில் வைரஸ் செத்துவிடும். ஆபத்தெல்லாம் அதற்கு முன்னால். வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கும்போது பக்கத்தில் குந்தியிருக்கும் பிள்ளை, குடல் எடுத்த கையோடு அந்தப் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிடும் அம்மா, பிடுங்கிய இறகை வைத்து விளையாடும் தம்பி. பண்ணைகளில் வாசலில் கால் நனைக்கும் தொட்டி, வண்டிக்கு மருந்து என்று எவ்வளவோ பார்க்கிறோம். பஞ்சாரத்துக்கு ஒன்றும் கிடையாது.

எச்9என்2 இன்னும் சத்தமில்லாத சங்கதி. அதில் கோழி கூட்டமாகச் சாகாது. கொஞ்சம் சளி பிடிக்கும், முட்டை குறையும், "சீசன் சரியில்லை" என்று விட்டுவிடுவார்கள். கோழி செத்தால்தானே கால்நடைத் துறைக்குத் தகவல் வரும், அங்கிருந்து சுகாதாரத் துறைக்குப் போகும். கோழி சாகாத இடத்தில் நோயை முதலில் பார்க்கப்போவது குழந்தை மருத்துவர்தான்.

எனக்கு நெருங்கிய குடும்பத்தில் ஒரு குழந்தை நிமோனியா என்று படுத்தபோது நானும் கூட இருந்தேன். டெங்கு உண்டா, வெளியூர் போனீர்களா, தடுப்பூசி அட்டை எங்கே என்று எல்லாம் கேட்டார்கள். வீட்டில் கோழி உண்டா, சமீபத்தில் ஏதாவது செத்ததா என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோது, "கோழி யார் வீட்டுலதான் சார் இல்ல?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். சரிதான், கிராமத்தில் எல்லோர் வீட்டிலும்தான் இருக்கிறது. கேட்க வேண்டிய காரணமே அதுதானே.

இதைப் படித்துவிட்டு யாரும் முட்டையை நிறுத்த வேண்டாம். எங்கள் மாவட்டத்தார் என்னைச் சும்மா விடமாட்டார்கள். நன்றாக வேகவைத்த முட்டையிலும் கறியிலும் பயப்பட ஒன்றும் இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து பரவும் நிலைக்கும் இந்த வைரஸ் வரவில்லை. எய்ம்ஸ் சிறுவனைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும் தொற்றவில்லை.

உங்கள் நிருபரிடம் ஒரு வேண்டுகோள். அரசு ஆய்வகம் இருக்கும் கிண்டி கிங் நிலையத்திலும் மாவட்ட மருத்துவக் கல்லூரிகளிலும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். தீவிர மூச்சுத் திணறலோடு சேர்க்கப்படும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இன்ஃப்ளூயன்சா சோதனை நடக்கிறது? ஏ வகை என்று வந்து உட்பிரிவு தெரியாத மாதிரி அடுத்த கட்டச் சோதனைக்குப் போக எத்தனை நாள் ஆகிறது? சேர்க்கைப் படிவத்தில் கோழி, வாத்து பற்றி ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் அதைச் சேர்க்க என்ன செலவாகும் என்பதையும் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
ராசிபுரம்.