கிணற்றுக் கல்லுக்கும் ஆள் வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'அபெக்ஸ்' என்ற ஸ்டெகோசோரஸ் டைனோசரின் எலும்புக்கூடு நியூயோர்க்கில் ஏலம் போன கதையைத் தங்கள் ஞாயிறு இதழில் வாசித்தேன். 2024 ஜூலையில், 4 கோடி 46 இலட்சம் டொலருக்கு. எழுதியவர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் இது பணக்காரர் விளையாட்டு, நமக்கென்ன என்ற மாதிரி முடித்துவிட்டார். பூநகரிப் பக்கம் நெடுங்காலம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். அந்த முடிவு மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

வன்னி முழுக்க ஒரே நிலம் இல்லை. வவுனியாவில் கிணறு வெட்டினால் கருங்கல். அதற்குள் உயிர்ச்சுவடு, அதாவது கல்லாகிப்போன பழைய உயிர்களின் எச்சம், தேடுவது வீண் வேலை. இரணைமடுவில் செம்மண்ணும் அதற்கடியில் கிரவலும். ஆதிமனிதனின் கல்லாயுதங்கள் அங்கே கிடைத்தபடியால் தொல்லியல் நூல்களில் அந்தப் படிவுக்கே இரணைமடுவின் பெயர்தான். மன்னார், பூநகரிக் கரையோரம் வந்தால் சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கீழே கிடக்கிற அதே மயோசின் காலத்துக் கல், ஒன்றரை இரண்டு கோடி வருடத்துக்கு முந்திய கடலடி. கிணறு வெட்டுகிறவர்கள் மேலே கொட்டுகிற கல்லை ஒருதரம் கழுவிப் பாருங்கள். சிப்பி, ஊரி, பவளத்துண்டு எல்லாம் தெரியும். பல ஊரிகளில் ஓடே இராது. ஓடு கரைந்துபோய், உள்ளே அடைந்த சேறு மட்டும் கல்லாகி நிற்கும். விரல் நுனியால் தடவினால் சுருளின் ஒவ்வொரு சுற்றும் தட்டுப்படும். வகுப்பில் கொடுத்தால் பிள்ளைகள் திருப்பித் தரமாட்டார்கள்.

இந்தக் கல்லைத் தேடியும் இப்போது ஆள் வருகிறது. வலம்புரிச் சங்கு, கஜமுத்து என்று அலைகிற அதே வகை ஆட்கள்தான் என்று நினைக்கிறேன். எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இப்பிடிச் சுருள் கல்லு இருந்தாச் சொல்லுங்கோ மாஸ்டர், நல்ல விலை எடுக்கலாம்" என்றார். படத்தில் இருந்தது அம்மோனைட், கடலில் வாழ்ந்த ஒரு சுருள் ஓட்டுப் பிராணியின் உயிர்ச்சுவடு. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் எடுத்து, சாளக்கிராமம் என்று பூசையறையில் வைத்துக் கும்பிடுகிறோமே, அதுதான். எங்கள் சுண்ணாம்புக்கல் உருவாவதற்கு நாலு கோடி வருடத்துக்கு மேல் முந்தியே அந்தப் பிராணி அற்றுப்போய்விட்டது, இங்கே கிடைக்காது என்று விளங்கப்படுத்தினேன். அவர் நம்பவில்லை. ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு பக்கத்துக் காணியில் ஒரு கடகம் ஊரிக்கல்லை ஐந்நூறு ரூபாய் கொடுத்து அள்ளிக்கொண்டு போனார்.

ஐந்நூறு ரூபாய் பெரிய கொள்ளை இல்லைதான். அந்த ஊரிகளும் உலகத்தில் கிடைக்காத பொருள் இல்லை. ஆனால் எந்தக் கிணறு, எத்தனை அடி, எந்தப் படைக்குக் கீழே என்ற விபரம் ஒன்றும் அந்தக் கடகத்தோடு போகவில்லை. எல்லை எழுதாத காணி உறுதியைக் கொண்டுபோய் வழக்குப் பேச முடியுமா? இடம் தெரியாத உயிர்ச்சுவடும் அந்த மாதிரித்தான். கண்ணாடி அலுமாரியில் வைக்கலாம், அதற்கு மேல் அதனிடம் கேட்க ஒன்றும் இல்லை.

விலை வந்த இடத்தில் பொய்யும் வரும். சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் யாரோ ஒரு பழைய பறவையின் உடம்பில் டைனோசர் வாலை ஒட்டி விற்றார்கள். அமெரிக்காவின் டூசன் கல் சந்தையில் அது 80,000 டொலருக்குப் போனது. 1999இல் நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை, பறவைக்கும் டைனோசருக்கும் இடைப்பட்ட பிராணி என்று அதைப் படத்தோடு போட்டுப் பிறகு அவமானப்பட்டது. இதில் வேடிக்கை, அந்த வால் அதுவரை பெயரே வைக்கப்படாத ஒரு புது டைனோசருடையது. பசை தடவாமல் விட்டிருந்தாலே உலகச் செய்தி.

அதற்காகச் சேகரிக்கிறவர்கள் எல்லோரையும் கள்வர் என்று சொல்ல வரவில்லை. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி அனிங் உயிர்ச்சுவடு பொறுக்கி விற்றுத்தான் வயிறு கழுவினார். இக்தியோசோர், பிளீசியோசோர் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவற்றின் எலும்புக்கூடுகளை முதலில் உலகம் சரியாகப் பார்த்தது அவர் தோண்டியெடுத்ததால். நம் நாட்டிலேயே இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டிய குழிகளில் இருந்துதான் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் எல்லாம் ஒரு காலம் இலங்கையில் இருந்தன என்று தெரியவந்தது. அன்றைக்குக் கொழும்பு நூதனசாலையில் விலங்கியல் ஆய்வாளர் போல் தெரணியகல இருந்தார். குழியில் வந்த பல்லையும் எலும்பையும் கேட்டு வாங்கி ஆராய ஒருவர் இருந்தார் என்பதுதான் அங்கே முக்கியம்.

இன்றைய ஏலக் கதை வேறு. 1997இல் 'சூ' என்ற டைரனோசோரஸை 83 இலட்சம் டொலருக்குச் சிக்காகோ நூதனசாலை வாங்கியபோதே பெரிய கம்பனிகள் காசு போடவேண்டி வந்தது. 2020இல் 'ஸ்டான்' என்ற இன்னொரு டைரனோசோரஸ் 3 கோடி 18 இலட்சம். அது அபுதாபிக்குப் போனது; அங்கே பணம் இருக்கிறது. மற்ற நூதனசாலைகள் இனி ஏலத்தில் எப்படிக் கை தூக்கும்?

சட்டம் தடுக்காதா என்று கேட்கலாம். மனம் வைத்தால் தடுக்கும். மொங்கோலியாவில் இருந்து களவாகப் போன டார்போசோரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு 2012இல் நியூயோர்க்கில் 10 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. மொங்கோலியா சும்மா இருக்கவில்லை. அமெரிக்க அரசே அதைப் பறிமுதல் செய்து அடுத்த வருடம் திருப்பி அனுப்பியது. அந்த இனம் கோபிப் பாலைவனத்தது என்று ஆய்வாளர்களால் அடித்துச் சொல்ல முடிந்தது. எங்கள் ஊரிக்கல்லை அப்படி மீட்க முடியாது. மன்னாருக்கும் பூநகரிக்கும் வலிகாமத்துக்கும் ஒரே கல்.

கலாசாரச் சொத்துகளின் களவு வியாபாரத்துக்கு எதிரான 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை உயிர்ச்சுவடுகளையும் சேர்த்தே சொல்கிறது. இலங்கை அதை 1981இல் ஏற்றது. ஆனால் வன்னியில் எவர் போய்த் தொல்லியல் திணைக்களத்துக்குத் தகவல் சொல்வார்? கோயிலும் காணியும் தொல்லியலின் பெயரால் பிணக்குக்குள்ளான குருந்தூர்மலையையும் வெடுக்குநாறிமலையையும் பார்த்த சனம் இது. காணிக்குள் ஏதோ கிடைத்தது என்று வாய் திறந்தால் விடியத்துக்குள் எல்லைக்கல் நட வந்துவிடுவார்கள் என்ற பயம். சிப்பிக்கு இனமும் இல்லை, மதமும் இல்லை. மனிதனே இல்லாத காலத்துச் சீவன். இருந்தாலும் திணைக்கள ஜீப்பைக் கண்டால் அந்த விளக்கம் எடுபடாது. ஆகவே கிடைத்ததை ஒன்றில் மூடிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு பக்கம் கல்லுடைப்பு. பூநகரிப் பக்கத்துப் பொன்னாவெளியில் சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் அகழும் திட்டத்தைச் சனம் எதிர்த்தது முக்கியமாக நிலத்தடி நீருக்காக. நியாயமான காரணம். அகழ்வு வேண்டாம் என்பதே என் கட்சியும். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு அரியலூரில் சீமெந்துக்குத் தோண்டிய சுரங்கங்களில் அம்மோனைட்டும் மற்றதும் வெளிவர, வாரணவாசியில் அதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் அமைத்துவிட்டார்கள். கிளிநொச்சியில் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

அமெரிக்காவில் 2009இல் ஒரு சட்டம் வந்தது. முதுகெலும்பிகளின் உயிர்ச்சுவட்டை அரசு நிலத்தில் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. ஆனால் அந்த நிலத்தின் பெரும்பகுதியில், சாதாரணச் சிப்பி, இலைச் சுவடு போன்றவற்றைச் சொந்த ஆசைக்குக் கொஞ்சம் எடுக்கலாம், விற்கக்கூடாது. எனக்கு இது பிடித்திருக்கிறது. நம் பிள்ளைகளும் எடுக்கட்டும், வீட்டிலும் வைத்திருக்கட்டும். விற்பனை மட்டும் வேண்டாம். பதிகிற வேலையைத் திணைக்களத்திடம் விடாமல் பல்கலைக்கழகத்திடம் கொடுக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன. வவுனியாவுக்கு 2021இல் தனிப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. ஒரு அறை, ஒரு பதிவேடு, கல்லைக் காட்டுகிறவருக்கு ஒரு பற்றுச்சீட்டு. பார்த்துவிட்டுக் கல்லைச் சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுக்கவேண்டும். அப்போதுதான் அடுத்த ஆள் வருவார்.

அதுவரை தங்களால் ஆகக்கூடியது ஒன்று இருக்கிறது. மாணவர் பக்கத்தில் ஒரு மாதிரிச் சிட்டையை அச்சிடுங்கள்: திகதி, கிராம அலுவலர் பிரிவு, கிணறா குழாய்க்கிணறா, ஆழம், மேலே இருந்த மண்ணின் நிறம், எடுத்தவர் பெயர். கால் பக்கம் போதும். ஆசிரியர்மார் வெட்டிப் பிரதி எடுத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
பூநகரி.